துணி நாப்கினும் மாதவிடாய் கப்பும்: முதன்முறை பயன்படுத்துவோருக்கான செய்முறை

துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்ப் பொருள் ஒன்றுக்கு மாறலாம் என்று நினைப்பவர்கள், விலையை விசாரிப்பதற்கு முன் தங்கள் வீட்டுத் துணிக்கொடியைப் பார்க்க வேண்டும். துவைத்த துணி நாப்கினை நேர் வெயிலில், யாருடைய முகச்சுளிப்புக்கும் அஞ்சாமல் காயப்போட உங்களால் முடியுமா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைதான், நீங்கள் துணியை எடுப்பதா கப்பை எடுப்பதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

என் அம்மா பழைய நூல் புடவையைக் கிழித்து மடித்துப் பயன்படுத்தியவர். துவைத்த துணிகளைக் குளியலறைக் கதவின் பின்புறத்து ஆணியில் மாட்டி, அவை கண்ணில் படாமலிருக்க மேலே ஓர் ஈரப் பாவாடையையும் விரித்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை இரண்டு நாளாகியும் காயாது. ஓரங்கள் விறைத்து, மக்கிய வாடை வீசும் அந்தத் துணியைத்தான் மறுபடி எடுத்து வைத்துக்கொள்வார். தொடையிடுக்கில் அவருக்கு வந்த புண்ணுக்கும் அரிப்புக்கும் துணியைக் குறை சொல்வது நியாயமில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்தத் துணி வெயிலைப் பார்க்கவிடாமல் செய்த கூச்சமே அதற்குக் காரணம். நாம் மீண்டும் துணிக்குத் திரும்புவதானால், அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று: துணி நாப்கின், உடலுக்குள் வைத்து உதிரத்தைச் சேகரிக்கும் கப், உதிரத்தை உறிஞ்சும் உள்ளாடையான பீரியட் பேன்டி. வீட்டில் போதிய தண்ணீரும் வெயில் படும் மொட்டை மாடியோ கொல்லையோ இருக்கிறது, உடலுக்குள் எதையும் வைக்க மனம் ஒப்பவில்லை என்றால் துணி நாப்கின் உங்களுக்கு ஏற்றது. விடுதி அறையில் தங்கியிருப்பவர்கள், தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தெருவில் வசிப்பவர்கள், நாள் முழுவதும் கழிவறை கிடைக்காத வேலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஒரு குவளைத் தண்ணீரில் கழுவிவிடக்கூடிய கப் பெரிய ஆறுதல். பீரியட் பேன்டி அணிவதற்கு மிக எளிது; ஆனால் தடிமனான அடுக்குகள் கொண்டதால் காய்வதற்கு நெடுநேரம் ஆகும், விலையும் கூடுதல். எனவே கசிவு குறைந்த கடைசி நாட்களுக்கும், கப் பழகும் மாதங்களில் துணைப் பாதுகாப்பாகவும் ஒன்றிரண்டு வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

செலவை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதத்திற்கு 15 நாப்கின்கள் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 180 ஆகிறது. அத்தனையும் குப்பைக்குத்தான் போகின்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைத் தனியே பொதிந்து கொடுக்கச் சொன்ன பிறகும், பல ஊர்களில் தூய்மைப் பணியாளர்கள் அவற்றை வெறுங்கையால் பிரித்தெடுப்பதை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். நான் மாறியதற்குப் பணத்தைவிட அந்தக் கைகளே முதற்காரணம்.

துணி நாப்கின்

நல்ல துணி நாப்கினில் உடலில் படும் மேல் அடுக்கு பருத்தியாகவும், நடுவில் உறிஞ்சுவதற்கான ஃபிளானல் துணி பல அடுக்குகளாகவும், அடியில் ஈரம் கசியாத மெல்லிய பூச்சுத் துணியும் இருக்கும். இரு பக்க இறக்கைகளையும் உள்ளாடைக்கு அடியில் மடித்து டிச் பட்டனால் பூட்ட வேண்டும். புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் இயங்கும் ஈகோ ஃபெம் போன்ற அமைப்புகள் இத்தகைய நாப்கின்களைத் தைத்து விற்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின்களுக்கும் பீரியட் பேன்டிகளுக்கும் 2021இல் ஐ.எஸ். 17514 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. வாங்கும்போது உறையில் அந்த எண் உள்ளதா என்று பாருங்கள்.

எடுத்த எடுப்பில் பத்து நாப்கின்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். இரண்டு மூன்று வாங்கி, வீட்டில் இருக்கும் இரவுகளில் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். பழகிவிட்டால், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதையும் ஒவ்வொன்றும் காய்வதற்கு ஆகும் காலத்தையும் கணக்கிட்டு எட்டு முதல் பத்து வரை சேர்த்துக்கொள்ளலாம். புதுத் துணி சரியாக உறிஞ்சாது என்பதால், முதல் பயன்பாட்டுக்கு முன் இரண்டு மூன்று முறை துவைத்துக் காயவைப்பது அவசியம்.

துவைக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். கழற்றியவுடன் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் இரத்தத்திலுள்ள புரதம் இறுகிக் கறை துணியிலேயே படிந்துவிடும். சிவந்த நீர் ஓரளவு வெளியேறிய பின் அரை மணி நேரம் வரை ஊறவைக்கலாம். இரவு முழுவதும் ஊறப்போடுவது வாடைக்கும் கிருமிகளுக்கும் இடம் கொடுக்கும். பிறகு சாதாரணத் துணி சோப்பைப் போட்டுக் கையால் கசக்கி, அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அடர் நிற நாப்கின்களில் கறை கண்ணுக்குத் தெரியாது என்பதால், சுத்தமாகிவிட்டதா என்பதைத் துணியைப் பார்த்து முடிவு செய்யாமல் தண்ணீரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பிளீச்சிங் பொருளும், துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். முன்னது நூலையும் பூச்சுத் துணியையும் கெடுக்கும், பின்னது உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். உப்புக் கூடிய போர்த் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் துணியிலேயே தங்கி அதை விறைக்கச் செய்யும்; எனவே கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் கிடைத்தால் நாப்கின் மிருதுவாகவே இருக்கும்.

வெளியில் மாற்ற நேர்ந்தால், பயன்படுத்தியதை உட்புறமாக மடித்துப் பட்டனைப் போட்டால் அது கைக்குட்டை அளவுப் பொட்டலமாகிவிடும். அதை நீர் புகாத சிறு பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்கலாம். காயப்போடும்போது உறிஞ்சும் பக்கம் வெயிலைப் பார்த்திருக்கட்டும். அடைமழைக் காலத்தில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, முழுவதும் காய்ந்த பிறகே எடுத்து வையுங்கள். நடுப்பகுதியை அழுத்திப் பார்த்தால் சில்லென்று இருக்கிறதா என்பது விரலுக்கே தெரியும்.

கப்

கப் என்பது மருத்துவத் தரமுள்ள சிலிக்கானில் செய்யப்பட்ட, அடியில் ஒரு சிறு தண்டுடன் கூடிய, மணி வடிவிலான சிறு கிண்ணம். அது உதிரத்தை உறிஞ்சுவதில்லை, சேகரித்து வைக்கிறது. ஒரு மாதவிடாய் முழுவதிலும் பெரும்பாலோருக்கு வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதை அதிக உதிரப்போக்கு என்று மருத்துவர்கள் கருதுவார்கள். வழக்கமான ஒரு கப் 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை கொள்ளும் என்பதால், காலையும் இரவும் கொட்டினாலே பலருக்கும் போதுமானதாக இருக்கிறது.

உள்ளே போய்த் தொலைந்துவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் வருவது. யோனிப் பாதையின் மேல்முனையில் கருப்பை வாய் இருக்கிறது; அதன் துளை கப் நுழைய முடியாத அளவுக்கு மிகச் சிறியது. ஆகவே கப் அந்தப் பாதையை விட்டு வேறெங்கும் போக வழியில்லை. சிறுநீர் வரும் வழி வேறு என்பதால், கப் இருக்கும்போதே சிறுநீர் கழிக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஓர் அளவு எடுக்க வேண்டும். பிரசவம் ஆகாதவர்களுக்குச் சிறியது, ஆனவர்களுக்குப் பெரியது என்று உறையில் எழுதியிருப்பது முழு உண்மை அல்ல. கருப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மாதவிடாய் நாள் ஒன்றில் கையைச் சோப்பால் கழுவி, ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே செலுத்திப் பாருங்கள். மூக்கின் நுனியைத் தொட்டாற்போன்ற ஒரு மேடு தட்டுப்படும். அது விரலின் முதல் கணுவுக்குள்ளேயே தட்டுப்பட்டால் உயரம் குறைந்த கப்பும், நடுக்கணு வரை சென்ற பின் தட்டுப்பட்டால் வழக்கமான கப்பும், விரலுக்கு எட்டவே இல்லையென்றால் சற்று நீளமான கப்பும் பொருந்தும்.

முதல் பயன்பாட்டுக்கு முன், அதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் கப் மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, அடியில் ஒட்டிக் கருகாமல் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். நகங்களை வெட்டிக் கைகளைக் கழுவிய பின், இந்தியக் கழிவறையில் அமர்வதுபோல் குந்தி அமர்வது நல்லது. கப்பின் விளிம்பை மடிக்கப் பல வழிகள் உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது, விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் கப்புக்குள்ளேயே அழுத்தி இறக்கி, மீதியை இறுக்கிப் பிடிக்கும் மடிப்பைத்தான். அப்போது நுழையும் முனை மொட்டுப்போல் குவிந்துவிடும். விளிம்பைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். தேவையானால் நீர் அடிப்படையிலான ஜெல் தடவலாம், எண்ணெய் வேண்டாம். நேர் மேலே தள்ளாமல், முதுகுத்தண்டின் அடிப்பகுதியை நோக்கிச் சற்றே பின்பக்கமாகச் சாய்த்துச் செலுத்துங்கள். மூச்சை அடக்கினால் தசைகள் இறுகும்; மூச்சை வெளியே விட்டபடியே செய்யுங்கள். உள்ளே போனதும் விரலை எடுத்தால் கப் மெத்தென்று விரியும். அதன் அடிப்பகுதியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தால் மடிப்பு ஏதும் தட்டுப்படாமல் உருண்டையாக இருக்க வேண்டும். மடிப்பு இருந்தால் அடிப்பகுதியைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். தண்டின் நுனி வெளியே உறுத்தினால் அதைச் சிறிது வெட்டிக்கொள்ளலாம். ஆனால் முதல் மாதத்தில் வெட்ட வேண்டாம்.

வெளியே எடுப்பதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதல் மாதம் நான் தண்டை மட்டும் பிடித்து இழுத்தேன். கப் அசையவில்லை, அடிவயிறு சுண்டியிழுத்தது, பதற்றத்தில் தசைகள் இறுகி அது இன்னும் மேலே ஏறிக்கொண்டது. அரை மணி நேரம் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால், வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் படுத்திருங்கள், அவசரமே இல்லை. பிறகு குந்தி அமர்ந்து, மலம் கழிக்கும்போது முக்குவதுபோல் மெல்ல முக்கினால் கப் தானே கீழிறங்கும். தண்டை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, கப்பின் அடிப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்துங்கள். காற்று நுழைந்து பிடிப்பு விடுவதை உணர்வீர்கள். சிலசமயம் மெல்லிய ஓசையும் கேட்கும். அதன் பிறகு விளிம்பின் ஒரு பக்கம் முதலில் வருமாறு சாய்த்து, கவிழாமல் நிமிர்ந்தபடி வெளியே எடுங்கள். பிடிப்பை விடுவிக்காமல் இழுப்பது கூடவே கூடாது.

கொட்டிவிட்டுத் தண்ணீரிலும் வாசனையற்ற மென்சோப்பிலும் கழுவி மீண்டும் பொருத்தலாம். விளிம்புக்குக் கீழே உள்ள நுண்துளைகள் அடைத்துக்கொண்டால் பொருத்தம் கெட்டுவிடும். கப் நிறையத் தண்ணீர் பிடித்து, வாயை உள்ளங்கையால் மூடி அழுத்தினால் துளைகள் வழியே நூல் நூலாகத் தண்ணீர் பீய்ச்சி வரும், அடைப்பும் நீங்கும். தயாரிப்பாளர்கள் தரும் காலவரம்பு 8 முதல் 12 மணி நேரம். எப்படியிருந்தாலும் 12 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

முதல் மாதமே எல்லாம் சரியாக அமையாது. அதனால் பழகும் வரை மெல்லிய துணி நாப்கின் ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியான மதிப்பாய்வும், பழகுவதற்குச் சில சுழற்சிகள் ஆகும் என்றும், பழகிய பின் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினர் என்றும் கூறுகிறது. கேரளத்தின் ஆலப்புழையில் 2019இல் ‘திங்கள்’ என்ற திட்டத்தின் கீழ் 5,000 கப்கள் வழங்கப்பட்டன. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி, நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. பக்கத்து மாநிலத்துக் கிராமத்துப் பெண்களுக்குக் கைவந்தது நமக்கும் கைவரும்.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பொருத்தியவர்கள், கப்பை எடுக்கும்போது அந்தச் சாதனத்தின் நூலும் சேர்ந்து இழுபட வாய்ப்பிருப்பதால், மகப்பேறு மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். பிரசவமோ கருச்சிதைவோ ஆகிச் சில வாரங்களே ஆனவர்கள், கருப்பை இறக்கம் உள்ளவர்கள், பிறப்புறுப்பில் தொற்று இருப்பவர்கள் ஆகியோரும் அப்படியே. கப் இருக்கும்போது திடீரென்று கடுங்காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், வெயிலில் கன்றியதுபோன்ற தோல் சிவப்பு ஆகியவை தோன்றினால், உடனே கப்பை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இவை நச்சு அதிர்ச்சி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்த நோய் மிக அரிது. ஆயினும் தாமதம் உயிருக்கு ஆபத்தாகும்.

திருமணமாகாத பெண்கள் கப் பயன்படுத்தலாமா என்று அம்மாக்கள் தயங்கிக் கேட்கிறார்கள். கன்னித்திரை எனப்படும் மெல்லிய சவ்வு கப்பினால் விரியவோ கிழியவோ கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சவ்வைக் கொண்டு ஒரு பெண்ணின் உடலுறவு வரலாற்றை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் சிறிய, மென்மையான கப்பில் தொடங்கலாம். விருப்பம் இல்லாவிட்டால் துணி நாப்கினே போதும், யாரும் வற்புறுத்தக் கூடாது.

மாதவிடாய் முடிந்ததும் கப்பை மறுபடி ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஈரம் போகத் துடைத்து, அதனுடன் வரும் பருத்திப் பையில் போட்டு வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வாடை பிடிக்கும். நிறம் மங்குவதால் கேடில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைச் சுற்றிலும் இழுத்துப் பார்த்து, கீறலோ பிசுபிசுப்போ தென்பட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.