ஈரலில் கொழுப்பா? மஞ்சளைச் சட்டியில் போடுங்கள், குளிசையில் தேடாதீர்கள்

ஸ்கேன் பார்த்த டொக்டர் "ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது" என்று சொன்ன அன்றைக்கே, தோட்டத்து லயத்தில் யாராவது ஒருவர் மஞ்சள் குடிக்கச் சொல்லிவிடுவார். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் எவ்வளவு எதிர்பார்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து செய்யுங்கள். மலை ஏறி இறங்குகிற உடம்புக்குக் கொழுப்பு ஈரல் வராது, குடிக்காதவருக்கு வராது என்றெல்லாம் நினைக்க வேண்டாம். நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் செய்த ஓர் ஆய்விலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, குடியால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது.

மஞ்சளில் வேலை செய்வது குர்குமின். நோயாளிகளுக்கு அதை நாளுக்கு 500 முதல் 1500 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த சிறிய சோதனைகள் சிலவற்றில், ஈரல் பாதிப்பைக் காட்டும் விதமாக இரத்தத்தில் ஏறியிருந்த ஈரல் நொதிகள் இறங்கின. சரி, நம் சட்டிக் கணக்கைப் பாருங்கள்: தூளில் குர்குமின் சுமார் 3 வீதம்தான், ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் கிடைப்பது 90 மில்லிகிராம், அதையும் வீடே பங்குபோட்டுச் சாப்பிடுகிறது. ஆகவே மஞ்சள் துணைக்கு வருகிற ஆள், அவ்வளவுதான்.

துணைக்கு வருவதை முழுசாக வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும், அதனால் சுடுதண்ணீரில் கலக்கிக் குடிப்பதை விடக் கறியில் சேர்ப்பதே மேல். பருப்புக்குத் தாளிக்கும்போது ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கியதும் அடுப்பைக் குறைத்து, அரைத் தேக்கரண்டி மஞ்சளைப் போட்டு, பச்சை வாடை போகும்வரை சில விநாடி மட்டும் கிளறி உடனே பருப்பில் கொட்டுங்கள், கருகினால் கசக்கும். அப்புறம் அம்மியில் நுணுக்கிய மிளகு ஒரு சிட்டிகை. மிளகின் பிப்பரின் சேர்ந்தால் குர்குமின் பல மடங்கு அதிகமாக இரத்தத்தில் ஏறுகிறது என்று 1998இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மாத்தளை மிளகு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது இதற்கு என்ன செலவு!

மஞ்சளைக் கிழங்காகவே வாங்கி இடித்துக்கொள்ளுங்கள். 2020இல் இறக்குமதி நின்று விலை எகிறியபோது தூளில் மாவைக் கலந்து விற்றதை மறக்க முடியுமா?

இனிமேல் சொல்லப்போவதுதான் மஞ்சளை விடப் பெரிய வைத்தியம். நாளுக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராம் ஆகிவிடுகிறது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பவர்களுக்கு இன்னும் கூட. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. மிஞ்சுகிற சீனியை ஈரல் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும். காலையில் மூன்று கோதுமை ரொட்டி என்றால் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். 70 கிலோ இருக்கிற ஒருவர் மெதுவாக மூன்றரைக் கிலோ இறக்கினாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும், ஏழு கிலோ என்றால் ஈரலின் வீக்கமும் தணிய நல்ல வாய்ப்பு.

பாமசியில் விற்கும் குர்குமின் குளிசையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், தயவு செய்து. மிளகுச் சாறு சேர்த்த அதிக அளவுக் குளிசைகளால் ஈரலே பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள் இன்னும் கவனம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றைக்கே நிறுத்திவிட்டு, அந்தப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.