அப்ரைசலில் அநியாயமாக மார்க் குறைத்தால்: ராமநாதபுரம் கடலோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு

மார்ச் முடிந்ததும் அப்ரைசல் தாள் கைக்கு வரும். மண்டபத்து இறால் கம்பெனி, ராமேஸ்வரத்து லாட்ஜ், கீழக்கரையில் குழுக்கடன் வசூலிக்கும் நிதி நிறுவனம் எல்லாவற்றிலும் நடைமுறை ஒன்றுதான்: ஒரு வருஷ உழைப்புக்கு ஒரு பக்கம், அதன் கீழே ஒரு நம்பர். அந்த நம்பர் தப்பு என்று பட்டால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று முதல்முறை மாட்டிக்கொள்பவர்களுக்காக எழுதியது இது.

படி 1: கையெழுத்து

தாளை நீட்டி "ஒரு சைன் போடுங்க" என்பார்கள். மறுக்காதீர்கள், மறுத்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று அதையும் சேர்த்து எழுதிவிடலாம். வெறுமனே போட்டும் கொடுக்காதீர்கள். கையெழுத்துக்கு மேலே பேனாவால் எழுதுங்கள்: "பெற்றுக்கொண்டேன். மதிப்பீட்டில் உடன்பாடில்லை. விளக்கம் எழுத்தில் தருகிறேன்." தேதி போட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் 'அக்செப்ட்' பட்டன் மட்டும் இருந்தால் இதே வரிகளை முதலில் எச்.ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டு, பிறகு பட்டனை அழுத்துங்கள்.

அன்றைக்கு இவ்வளவு போதும். கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தால் சம்பள உயர்வோடு வேலையும் போகும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி போடும் புலம்பல் மறுநாள் ஸ்கிரீன்ஷாட்டாக மேனேஜர் மேசையில் இருக்கும்.

படி 2: பென்சிலால் பிரியுங்கள்

தாளில் உள்ள ஒவ்வொரு குறையையும் ஒரு வகையில் சேருங்கள். தகவல் பிழை: நான்கு நாள் லீவு ஒன்பது நாளாகியிருக்கும். அளவுகோல் பிழை: எட்டவே முடியாத டார்கெட். வெறும் அபிப்பிராயம்: "பொறுப்பு போதாது", "டீமோடு ஒட்டவில்லை". கடைசியாக, நிஜமான குறை. அதை மறைக்காதீர்கள், கடிதத்தில் நீங்களே ஒப்புக்கொண்டால்தான் மற்றதை நம்புவார்கள்.

லாட்ஜ் வேலையில் இன்னொன்று சகஜம். ஆடி அமாவாசைக் கூட்டத்தையும் ஐயப்ப சீசனையும் சமாளித்தது யாருக்கும் நினைவிருக்காது. மார்ச்சில் வந்த ஒரே ஒரு ரூம் புகார் மட்டும் தாளில் ஏறியிருக்கும். ரெஜிஸ்டரைப் பார்த்து மாதவாரியாக எழுதுவதுதான் இதற்கு மருந்து.

படி 3: கணக்கு

உங்கள் தரப்பு நிற்பதும் விழுவதும் இங்கேதான். நம் கரையில் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகள் போகும்.

ஒரு கொள்முதல் சூப்பர்வைசரை எடுத்துக்கொள்வோம். டார்கெட் மாதம் 10 டன், வருஷத்துக்கு 120. வாங்கியது 92. தாளில் 77 சதவீதம் என்று போட்டு, ஐந்துக்கு இரண்டு மார்க். தடைக்கால இரண்டு மாதத்தைக் கழித்தால் டார்கெட் 100 டன். உடனே "நான் 92 சதவீதம்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த 92-ல் தடைக்காலத்தில் நாட்டுப்படகில் வாங்கிய 4 டன்னும் இருக்கிறது. அதைத் தனியே வைத்தால் பத்து மாதத்தில் 88 டன், அதாவது 88 சதவீதம். கம்பெனி ரெஜிஸ்டரோடு ஒத்துப்போகும் 88 நிற்கும். ஊதிப் பெருக்கிய 92-ஐ அக்கவுண்ட்ஸ்காரர் ஒரு நிமிஷத்தில் உடைத்துவிடுவார், பிறகு உங்கள் மற்ற கணக்கையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மேனேஜர் திருப்பிக் கேட்பார்: "தடை வருஷா வருஷம் வர்றதுதானே? தெரிஞ்சுதான் 120 போட்டோம்." நியாயமான கேள்வி. டார்கெட் கடிதத்தில் "தடைக்காலம் உட்பட" என்று இருந்தால் இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். யாரும் முன்கூட்டித் தெரிந்துவைத்திருக்க முடியாத நாட்கள்தான் அதைவிட வலுவானவை: பலத்த காற்று எச்சரிக்கையால் மீன்வளத் துறை டோக்கன் (படகு கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) நிறுத்திய நாள், இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்ததால் ஸ்டிரைக் நடந்த நாள். தேதி, காரணம், ஆதாரம் என்று மூன்று கட்டம் போட்ட பட்டியலாக எழுதுங்கள். பேப்பர் செய்தி உதவும். ஆனால் அன்று எந்தக் கொள்முதல்காரருக்கும் லோடு வரவில்லை என்று காட்டும் கம்பெனியின் சொந்த ரெஜிஸ்டர்தான் முதல் தரமான ஆதாரம்.

குழுக்கடன் வசூலில் இருந்தால், மாதவாரியாக வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். கரையோரக் குழுக்களுக்கும் கடலில்லாத பரமக்குடிப் பக்கத்துக் குழுக்களுக்கும் ஒரே அளவுகோல் வைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். சக ஊழியர் பெயரை இழுக்காதீர்கள்.

ராமேஸ்வரத்தில் சிலருக்குப் பழைய ரேட்டிங் இன்னும் துரத்தலாம். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயில் கிடையாது. அந்த வருஷங்களின் ரூம் புக்கிங்கைக் காட்டி இன்று பிரமோஷன் மறுத்தால் இந்தத் தேதிகளை முன்வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரெஜிஸ்டர் பக்க எண்ணும் தேதியும் குறித்தால் போதும். இல்லையென்றால் தகவல் திருட்டு என்று பேச்சு திசைமாறும்.

படி 4: ஒரு பக்கக் கடிதம்

கம்பெனி விதியில் கெடு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள். மாதிரி:

"கொள்முதல் பகுதிக்கு 5-க்கு 2 தரப்பட்டுள்ளது. விசைப்படகு ஓடிய பத்து மாதத்தில் என் கொள்முதல் 88 டன். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மூலம் 4 டன். காற்று, ஸ்டிரைக் காரணமாக யாருக்கும் லோடு வராத 11 நாட்களின் பட்டியல் இணைப்பில். பிப்ரவரியில் ஐஸ் குறைந்து ஒரு லோடு கணவாய் மீன் தரம் இறங்கியது என் பொறுப்பு, ஏற்கிறேன். 'பொறுப்பு போதாது' என்பதற்கு எந்த நாள், எந்தச் சம்பவம் என்று எழுத்தில் தரவும். கொள்முதல் மதிப்பெண்ணை 3 ஆக மாற்றப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரி முக்கியம். என்ன வேண்டும் என்று சொல்லாத கடிதம் ஃபைலுக்குப் போய்ப் படுத்துவிடும்.

படி 5: நேரில் பேசுவது

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு இருபது நிமிஷம் கேளுங்கள். "ஏன் சார் என்னைப் பிடிக்கல?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "சார், பொறுப்பு போதாதுன்னு இருக்கு. எந்த லோடுன்னு சொன்னீங்கன்னா பதில் சொல்லத் தோதா இருக்கும்" என்று கேளுங்கள். பேசியதை அன்று மாலையே நான்கு வரியில் மெயில் அனுப்பிவிடுங்கள்.

முதலாளியும் தொழிலாளியும் ஒரே தெருக்காரர்களாக இருப்பது இங்கே சாதாரணம். மாமாவையோ ஜமாத்துப் பெரியவரையோ விட்டுப் பேசச் சொல்வது சுலபமாகத் தெரியும். ரேட்டிங் மாறவும் கூடும். ஆனால் அது சலுகையாக வந்ததாகிவிடும். அடுத்த வருஷம் அதே தாள் மறுபடி வரும்.

படி 6: பதில் வராவிட்டால்

ரேட்டிங் குறைந்தது என்பதற்காக மட்டும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் பெரிதாக எதுவும் நடக்காது. சட்டம் கைகொடுக்கும் இடங்கள் வேறு. 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள தொழில் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மனுவை அங்கே கொடுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸை ரேட்டிங் பார்த்துக் குறைக்க முடியாது. கடை, ஆபீஸ் ஊழியர் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41.

மேலதிகாரியின் பாலியல் சீண்டலுக்கு இணங்காததால் ஒரு பெண்ணின் மார்க் குறைந்திருந்தால், அதை அப்ரைசல் பிரச்சினையாக நடத்தவே வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி மூன்று மாதத்துக்குள் கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழு.

படி 7: அடுத்த டார்கெட்

புது டார்கெட் தாள் வரும்போதே மாதவாரிப் பிரிவு கேளுங்கள். தடைக்காலத்துக்குத் தனி எண், டோக்கன் இல்லாத நாளைக் கழிக்கும் முறை இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரவில்லையென்றால் "நான் புரிந்துகொண்டது இது" என்று நீங்களே மெயில் போடுங்கள். ஏப்ரல் 15-க்கு முன்னால் போட்டுவிடுங்கள். தடை தொடங்கிய பிறகு கேட்டால் சாக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.