மாஸ்டர்ஸ் நீச்சல்: கூட வருகிறவர்களின் மனதை நோகடிக்கும் தவறுகள்

உங்கள் ஹீட், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து நீந்தும் குழுவின் சுற்று, முடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உடை மாற்றக் கிளம்பிவிடுகிறீர்களா? என் கணக்கில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. வயது வந்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் பெரும்பாலும் பதிவு செய்த டைமை வைத்துத்தான் ஹீட் பிரிப்பார்கள், பரிசுதான் ஐந்தைந்து வயதுப் பிரிவாக. அதனால் ஒரே ஹீட்டில் 45 வயதுக்காரரும் 78 வயதுக்காரரும் நீந்துவது சாதாரணம், யாராவது ஒருவர் கடைசியில் தனியாக நீந்திக்கொண்டிருப்பார். மற்ற லேன்களில் அலை அடங்கியிருக்கும், அவர் கை தண்ணீருக்கு மேல் பாதிகூட எழாது. சுவரைத் தொட்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதும் அவர் கண் முதலில் தேடுவது நம் முகங்களைத்தான். நடுவர் வெளியேறச் சொல்லும் வரை முடித்தவர் தன் லேனிலேயே இருக்க மாஸ்டர்ஸ் விதியிலும் இடம் உண்டு. லேன் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்து, அவர் வந்ததும் கை கொடுங்கள்.

ஜப்பானைச் சேர்ந்த மியெகோ நகாஒகா 2015இல், தன் 100ஆவது வயதில், 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54 விநாடியில் நீந்தி முடித்தார். அவ்வளவு நேரம் நீந்துகிறவர்களும் வரும் போட்டி இது என்று தெரிந்தே வாருங்கள்.

அடுத்தது, கேட்காமல் திருத்துவது. "முழங்கையை இன்னும் தூக்குங்க சார்" என்று நாம் சொல்கிற ஆளுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம், அந்தக் கை அதற்கு மேல் போகாது என்பது அவருக்குத் தெரியும். இன்னொருவர் பட்டர்ஃபிளை நீச்சலுக்குத் தவளை மாதிரி பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதை போடுவார், அதைப் பார்த்து "இது பட்டர்ஃபிளையே இல்லை" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மாஸ்டர்ஸில் அது அனுமதிக்கப்பட்டது. குதிக்கும் மேடையான பிளாக்கில் ஏறாமல் தண்ணீரில் இருந்தபடியே தொடங்குவதும் அப்படித்தான். விதி கொடுத்த உரிமையை நாம் பறிக்கக் கூடாது. அவரே கேட்டால் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள்.

ரிலேதான் சண்டை வரும் இடம். வேகமான நால்வரைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லாமலே பெயர் கொடுத்துவிடுவார்கள். இங்கே நால்வரின் வயதைக் கூட்டித்தான் பிரிவு: 200 முதல் 239 வரை ஒன்று, 240 முதல் 279 வரை அடுத்தது, இப்படிப் போகும். 58, 59, 60, 61 வயதுக்காரர்கள் சேர்ந்தால் 238. அந்த 58க்குப் பதில் 72 வயதுக்காரர் வந்தால் 252, குழு அடுத்த, மூத்தவர்களின் பிரிவுக்குப் போய்விடும். ஆனால் "உங்க வயசுக்காகத்தான் சேர்த்தோம்" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவரும் நம்மைப் போல விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்கு வந்தவர்தான்.

பயிற்சி லேனில் சுவரின் நடுவில் நின்று பேசாதீர்கள், ஓரமாக ஒதுங்கி நின்றால் பின்னால் வருகிறவர் திரும்பிப் போக முடியும். அப்புறம், வார்ம்-அப்பில் ஆட்கள் நீந்தும் லேனுக்குள் டைவ் அடிக்கவே அடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. தினமும் வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு வாரமாக வரவில்லை என்றால் "அவருக்கு என்ன வேலையோ" என்று விட்டுவிடுகிறோம். இந்த வயதில் அது முழங்காலாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம், வீட்டில் ஒரு சாவாகவும் இருக்கலாம். போன் செய்யுங்கள். எடுத்த எடுப்பில் "எப்ப திரும்பத் தண்ணியில இறங்குவீங்க?" என்று கேட்க வேண்டாம், அதற்கு அவரிடமே பதில் இருக்காது. நடமாட முடிகிறது என்றால், அடுத்த போட்டிக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கூப்பிடுங்கள். 1500 மீட்டருக்குச் சுற்று எண்ணும் பலகையைத் தண்ணீருக்குள் காட்ட ஆள் வேண்டும், 25 மீட்டர் குளம் என்றால் அது 60 நீளம், அதைத் தப்பில்லாமல் எண்ண அவரைவிடப் பொருத்தமானவர் யார்?