யூஸ்நெட் செய்தி ஊர் சுற்றிய விதம்: தாளில் செய்து பாருங்கள்

1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவருக்கும் தோன்றிய யோசனை யூஸ்நெட்: பல கணினிகளில் இருப்போர் பொதுச் செய்திகளை எழுதிப் படிக்கும் வலை. அதன் முதல் நிரலை ஸ்டீவ் பெல்லோவின் எழுதினார். எல்லாவற்றையும் கட்டிக்காக்கும் சர்வர் என்று நடுவில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கணினியும் செய்திகளைத் தானே சேமித்து, அடுத்த கணினிக்குக் கடத்தியது. இவ்வளவு பிரதிகள் சுற்றியும் ஏன் குழப்பம் வரவில்லை? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நான்கு வட்டங்கள் போட்டு குயில், மயில், புறா, கிளி என்று பெயரிடுங்கள். குயிலிலிருந்து மயிலுக்கும் புறாவுக்கும் கோடு இழுங்கள். அந்த இரண்டிலிருந்தும் கிளிக்கு இழுங்கள். கோடு என்றால் தொலைபேசித் தொடர்பு. பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில், யூயூசிபி என்ற நிரல் (யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடுவது) மோடம் வழியாக, அதாவது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி வழியாக, அடுத்த கணினியை அழைக்கும். விநாடிக்கு 300 பிட் அனுப்பும் மோடத்தில், ஓர் எழுத்துக்குச் சுமார் 10 பிட் என்பதால், விநாடிக்குச் சுமார் 30 எழுத்து போகும். 3,000 எழுத்துள்ள செய்திக்கு 100 விநாடி!

படி 2: குயிலில் ஒரு செய்தி எழுதுங்கள். அதன் தலையில் இரண்டு வரிகள் அவசியம். ஒன்று அடையாள எண்: 17@குயில். உலகில் வேறெந்தச் செய்திக்கும் இந்த எண் இருக்கக் கூடாது. மற்றொன்று வழித்தடம்: இப்போதைக்கு வெறும் 'குயில்'.

படி 3: செய்தியை மயிலுக்கும் புறாவுக்கும் அனுப்புங்கள். பெறுகிற கணினி தன் பெயரை வழித்தடத்தின் முன்னால் ஆச்சரியக்குறியோடு சேர்க்கும். மயிலில் அது 'மயில்!குயில்' ஆகும். அங்கிருந்து கிளிக்குப் போனால் 'கிளி!மயில்!குயில்'.

படி 4: இங்கேதான் சூட்சுமம். கிளி இப்போது யாருக்கு அனுப்பும்? வழித்தடத்தில் மயிலின் பெயர் இருப்பதால் அங்கே திருப்பி அனுப்பாது. புறாவின் பெயர் இல்லை, ஆகவே அனுப்பும். ஆனால் புறாவுக்குக் குயிலிடமிருந்தே செய்தி வந்துவிட்டது. தன் பதிவேட்டில் 17@குயில் இருப்பதைப் பார்த்துப் புறா புதுப் பிரதியைக் குப்பையில் போட்டுவிடும். வழித்தடம் வீண் பயணத்தைக் குறைக்கிறது. அடையாள எண் தப்பி வந்ததைப் பிடிக்கிறது. ஒன்று மட்டும் போதாது என்பதை வேண்டுமானால் ஒரு வரியை அழித்துவிட்டு விளையாடிப் பாருங்கள். 1986-இல் வந்த, செய்திகளை இணையம் வழியே பரிமாறும் என்என்டிபி நெறிமுறையில் "இந்த எண்ணுள்ள செய்தி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்று முதலிலேயே கேட்கும் வசதி வந்தது. புறாவின் குப்பைக்கூடைக்கு வேலை குறைந்தது.

படி 5: கோப்பு அனுப்புவது. இந்தப் பாதை எழுத்துகளுக்காகப் போடப்பட்டது; நிரல்கோப்பை அப்படியே அனுப்பினால் சிதைந்துபோகலாம். அதனால் யூயூஎன்கோட் முறையில் கோப்பையே எழுத்தாக மாற்றினார்கள். 67, 97, 116 என்ற மூன்று பைட்டுகளை (ஒரு பைட் என்பது எட்டு பிட்) எடுத்துக்கொள்ளுங்கள். இரும எண்ணில்:

01000011 01100001 01110100

இந்த 24 பிட்டுகளை ஆறு ஆறாக வெட்டுங்கள்:

010000 110110 000101 110100

அதாவது 16, 54, 5, 52. ஒவ்வொன்றோடும் 32 கூட்டினால் 48, 86, 37, 84. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் இவை 0, V, %, T. எல்லாமே விசைப்பலகையில் இருக்கும் சாதுவான குறிகள்! வரியின் தொடக்கத்தில் பைட்டுகளின் எண்ணிக்கையும் இதே முறையில் வரும்: 3 கூட்டல் 32, 35, அதாவது #. முழு வரியில் 45 பைட் இருக்கும். 45 கூட்டல் 32, 77; அது ஆங்கில 'எம்'. பழைய கோப்புகளில் வரிக்கு வரி 'எம்' என்று தொடங்குவது இதனால்தான். மூன்று பைட் நான்கு எழுத்தாவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும்.

படி 6: பெரிய கோப்பைத் துண்டுபோட்டு, தலைப்பில் '4/7' என்பதுபோல் எண் இடுங்கள். ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தி. தனி அடையாள எண். எந்தத் துண்டு எந்த வரிசையில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. பெறுபவர்தான் அடுக்கி ஒட்ட வேண்டும். நான்காவது துண்டு மட்டும் வராவிட்டால் மற்ற ஆறும் பயன்படாது. அதை மறுபடி அனுப்பக் கேட்டு ஒரு செய்தி போட வேண்டும். அந்தச் செய்தியும் இரவு அழைப்புக்காகக் காத்திருக்கும்.