கொலு வீட்டில் பயமில்லாமல் பாட: எட்டு விநாடியில் தொடங்குங்கள்

"ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று கொலு வீட்டில் கேட்டதும் "தொண்டை சரியில்லை" என்று நழுவுகிறவர்களில் பலர் சின்ன வயதில் கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் வரை (அடிப்படைப் பாடங்களுக்கு அடுத்த நிலை) கற்றவர்கள். பாட்டு மறக்கவில்லை, தனியாகக் குரல் கொடுக்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. அதை மீட்கக் கூட்டு வகுப்பு நல்ல வழி. ஆனால் மற்றவர் குரலுக்குள் ஒளிந்துகொண்டே பாடினால் பத்து வருஷமானாலும் பயம் போகாது. அந்தத் துணையை அளவாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

வகுப்பில் 6 முதல் 8 பேர் போதும். திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகக் கீர்த்தனைகளையும் பாடுவது பேரானந்தம். ஆனால் அங்கே உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. சின்ன வகுப்பில் கேட்கும். அரைவட்டமாக உட்காருங்கள், வாராவாரம் இடம் மாறுங்கள். நடுவிலேயே உட்காருகிறவர் பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டு பாடி, எப்போதும் அரை எண்ணிக்கை பிந்துவார்.

சுருதியில், அதாவது பாட்டின் ஆதார ஒலி உயரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அந்த உயரத்தைக் கட்டை என்று எண்ணுவார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் நாலரை முதல் ஐந்தரைக் கட்டை, ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை ஒத்துவரும். கீழே மந்திர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயி ப) மேலே தார காந்தாரமும் (மேல் ஸ்தாயி க) கழுத்து நரம்பு புடைக்காமல் வரவேண்டும். பள்ளி நாளில் பாடிய கட்டையையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அரைக் கட்டை இறக்கினாலே பலருக்குப் பாதி நடுக்கம் குறைந்துவிடும்.

பயத்தில் இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், மூச்சு மேல்மார்போடு நின்றுவிடும். அதனால்தான் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் குரல் ஆடுகிறது. வகுப்பின் முதல் 5 நிமிடம் வயிற்றில் கைவைத்து, 4 எண்ணிக்கை மூச்சை இழுத்து, 8 எண்ணிக்கை "ஸ்ஸ்" என்று விடுங்கள். அதே அளவில் ஸட்ஜம் (ஸ) பிடியுங்கள். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஆடாமல் நின்ற பிறகு இரண்டுக்குப் போகலாம்.

இனி முக்கியமான பயிற்சி. மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் ஸரளி வரிசை (ஸ ரி க ம ப த நி ஸ), முதல் காலம் (எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம்), 8 எண்ணிக்கை உள்ள ஆதி தாளம். விநாடிக்கு ஓர் எண்ணிக்கை வைத்தால் ஏறும் ஆரோகணம் 8 விநாடி, இறங்கும் அவரோகணம் 8 விநாடி. முதல் இரண்டு வாரம் எல்லோரும் சேர்ந்து பாடுங்கள். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஏற மறு பாதி இறங்கட்டும். அடுத்து இருவர் இருவராக. ஐந்தாம் வாரம் ஒருவர் மட்டும் ஆரோகணம் பாட, மற்றவர்கள் மெல்ல ஸட்ஜத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆறாம் வாரம் அந்த ஸட்ஜமும் வேண்டாம், தம்புரா மட்டும். எட்டு விநாடி யாருக்கும் தாங்கும். முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் இடைவெளியில்லாமல் தொடரவேண்டும்.

ஒரே ஒரு விதி: தப்பு வந்தாலும் தாளம் நிற்கக் கூடாது. விட்ட இடத்தை விட்டுவிட்டு அடுத்த சமத்தில் (தாளச் சுற்றின் தொடக்கத்தில்) சேர்ந்துகொள்ளுங்கள். நடுவில் நிறுத்தித் திருத்தும் வகுப்பில் மாணவருக்குப் பயம் இரட்டிப்பாகிறது. ஆசிரியர் சுற்று முடிந்த பிறகு சொல்லட்டும்.

பயத்தை முதலில் காட்டிக்கொடுப்பது கை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று நிதானமாக வந்த கை, தன் முறை நெருங்கும்போது, கையைத் திருப்பிப் போடும் வீச்சைக் குறுக்கிக்கொண்டு ஓடும். பாட்டும் பின்னால் ஓடும், மூச்சு எடுக்க இடம் இருக்காது. தன் முறைக்கு முந்தைய ஆவர்த்தனத்தில் வீச்சை வேண்டுமென்றே முழுசாக வீசினால் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) மாறாமல் நிற்கும்.

ஏழாம் வாரத்திலிருந்து பாட்டு. 4 நிமிடத்துக்குள் அடங்கும், ஒரே ஒரு சரணம் உள்ள கீர்த்தனை போதும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பதே அதன் வரிசை. சாகித்யம் (பாட்டின் சொற்கள்) பெரும்பாலும் நடுவரியில் மறப்பதில்லை, அனுபல்லவி எடுக்கும் இடத்திலும் சரணம் தொடங்கும் இடத்திலும்தான் மறக்கும். எப்போதும் பல்லவியிலிருந்தே பயிற்சி செய்வதுதான் காரணம். வாரத்தில் இரண்டு நாள் நேராகச் சரணத்திலிருந்து எடுத்துப் பாடுங்கள். போனில் பதிவு செய்தால் சுருதியும் தாளமும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எலும்பு வழியாகக் கேட்கும் ஒலி பதிவில் இல்லாததால் யாருக்குமே தன் குரல் அந்நியமாகத்தான் இருக்கும்.

ஒன்பதாம் வாரம் வீட்டார் இருவரை வகுப்புக்கு அழையுங்கள், அடுத்த வாரம் ஐந்து பேர். ஆடியில் தொடங்கினால் நவராத்திரிக்குச் சரியாக வரும். படபடப்பில் மயக்கமே வருகிறவர்கள் மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்துக்கு இன்னொருவர் தரும் மாத்திரையை விழுங்காதீர்கள், அவற்றில் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து.

அன்றைக்குச் சுண்டலைப் பாடி முடித்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள், கடலைத்தோல் தொண்டையில் ஒட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு மடக்கு. முகங்களைப் பார்க்க முடியாவிட்டால் குத்துவிளக்கைப் பாருங்கள். தம்புராவை ஓடவிட்டு, இரண்டு ஆவர்த்தனம் மனசுக்குள் தாளம் போட்டபின் எடுங்கள். போனில் தம்புரா வைத்திருந்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிச் சரணத்தில் யாராவது அழைக்க, சுருதி நின்றுவிடும்.