டிவி விளம்பரத்த ரவுட்டர்லயே நிறுத்துறது எப்படி?

ஜூலை மழைல வெளிய தலைகாட்ட முடியாம டிவி முன்னாடி உக்காந்தா ஹோம் ஸ்கிரீன்ல பாதிய விளம்பரமே புடிச்சிட்டு நிக்குது, காசு குடுத்து வாங்குன டிவில இது என்னங்க அநியாயம்? கோத்தகிரில எங்க வீட்ல செஞ்சு வச்சிருக்கறத அப்படியே சொல்றேன், பெரிய படிப்பெல்லாம் வேணாம்.

மொதல்ல டிவி செட்டிங்ஸ். ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு டிவியே கண்டுபுடிச்சு கம்பெனிக்கு அனுப்பும், ஏசிஆர்னு பேரு. சொல்லாம கொள்ளாம இப்படி பண்ணதுக்குத்தான் அமெரிக்கால விசியோங்கற டிவி கம்பெனி 2017ல 22 லட்சம் டாலர் கட்டுச்சு. சாம்சங்ல 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜில 'லைவ் பிளஸ்', ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. கூகுள் டிவில 'ஆப்ஸ் ஒன்லி மோட்' இருக்கு, ஆனா அதப் போட்டா அசிஸ்டண்ட்டும் போயிரும், எனக்கு அது போனா போகட்டும்தான்.

அடுத்து டிஎன்எஸ், அதாவது சர்வர் பேர சொன்னா அதோட நெட் அட்ரஸ தேடிக் குடுக்கற சர்வீஸ், இதுதான் மெயின். விளம்பர சர்வரோட அட்ரஸ டிவி கேக்கும்போது குடுக்காம விட்டுட்டா போதும், குஞ்சப்பனை செக்போஸ்ட்ல இ-பாஸ் இல்லாத வண்டிய மலை ஏறவிடாம திருப்புற மாதிரி.

மொபைல வீட்டு வைஃபைல போட்டு பிரவுசர்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 அடிங்க, பாஸ்வேர்ட் பெரும்பாலும் ரவுட்டர் அடில ஸ்டிக்கர்ல இருக்கும். உள்ள 'லேன்' இல்ல 'டிஹெச்சிபி'ன்னு ஒரு பக்கம் வரும், அங்க பிரைமரி டிஎன்எஸ் 94.140.14.14, செகண்டரி 94.140.15.15. ரெண்டும் விளம்பரத்த தடுக்கற ஆட்கார்டுங்கற கம்பெனியோடது, ஃப்ரீ. செகண்டரில பழக்கதோஷத்துல 8.8.8.8 போட்றாதீங்க, அது கூகுளோட டிஎன்எஸ், விளம்பரத்த தடுக்காது, டிவி அந்த வழியா போயி விளம்பரத்த கொண்டாந்துரும். மாத்தறதுக்கு முன்னாடி பழைய நம்பர ஒரு போட்டோ எடுத்துக்கங்க. சேவ் குடுத்துட்டு ரவுட்டர், டிவி ரெண்டையும் ஆஃப் பண்ணி போடுங்க (நம்மூர்ல கரண்ட்டே அந்த வேலைய பாத்துரும்).

சில ரவுட்டர்ல இத மாத்தவே விடமாட்டாங்க, அப்ப டிவியோட நெட்வொர்க் செட்டிங்ஸ்லயே டிஎன்எஸ்ஸ மேனுவல் பண்ணி அதே நம்பர போடுங்க. எல்லாம் போட்டும் வருதுன்னா ரவுட்டர்ல ஐபிவி6 (நெட் அட்ரஸோட புது வகை) ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது தனி டிஎன்எஸ் வச்சிட்டு இருக்கும், இருந்தா ஆஃப் பண்ணிருங்க.

யூடியூப் விளம்பரம் இதுல போகாது. வீடியோ வர்ற இடத்துல இருந்தேதான் விளம்பரமும் வருது, அத தடுத்தா வீடியோவும் நின்னுரும், பிரீமியம் கட்டணும் இல்ல பொறுத்துக்கணும்.

ஏதாவது ஆப் திடீர்னு தொறக்கலன்னா போட்டோல இருக்கற பழைய நம்பர போட்டுப் பாருங்க, தொறந்துச்சுன்னா அந்த ஆப்புக்கு விளம்பர சர்வர் இல்லாம ஆகாதுன்னு அர்த்தம், அத வச்சுக்கறதா தூக்கறதான்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க.