உக்ரைனின் காலை அறிக்கையைப் பிரித்துப் படிப்பது எப்படி

உக்ரைன் விமானப்படை தினமும் காலையில் டெலிகிராமில் ஒரு அறிக்கை போடுகிறது. இரவில் ரஷ்யா எத்தனை ட்ரோன், எத்தனை ஏவுகணை ஏவியது, எங்கிருந்து ஏவியது, அவற்றில் எத்தனை வீழ்ந்தன என்ற கணக்கு அது. நம் செய்திகளுக்கு வரும்போது "இத்தனை சதவீதம் முறியடிப்பு" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. விமான நிலைய ரேடார் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். அந்த ஒற்றை வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அடி வாங்கிய ஊருக்கு என்ன ஆயிற்று என்பது அந்த எண்ணில் இல்லவே இல்லை.

எனவே முதலில் மொத்தக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஷாஹெட் வகை ட்ரோன்கள் (ஈரான் வடிவமைப்பு, ரஷ்யர்கள் வைத்த பெயர் கெரான்-2) ஒன்றில். விமானம் போல் தாழப் பறந்து வரும் கே.எச்-101, காலிபர் போன்ற குரூஸ் ஏவுகணைகள் அடுத்ததில். உயரே போய் மிக வேகமாக இறங்கும் இஸ்கந்தர்-எம், கின்ஷால் போன்ற பாலிஸ்டிக் ஏவுகணைகள் மூன்றாவதில். இப்போது கணக்குக்காக மட்டும் ஓர் இரவை வைத்துக்கொள்வோம். 100 ட்ரோன் வந்து 90 வீழ்ந்தது. 10 இஸ்கந்தர் வந்து 2 வீழ்ந்தது. மொத்தத்தில் 110-க்கு 92, அதாவது 84 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பிய 10 ட்ரோன்கள் தலைக்கு 50 கிலோ வெடிமருந்து சுமந்தாலும் அரை டன்தான். தப்பிய 8 இஸ்கந்தர்களின் வெடிமுனைகள் தலைக்குச் சுமார் 480 கிலோ. கூட்டினால் கிட்டத்தட்ட 4 டன். அன்றிரவு ஒரு மின்நிலையம் நின்றுபோனதென்றால் காரணம் மூன்றாவது பத்தியில்தான் இருக்கும்.

பாலிஸ்டிக் பத்தியில் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்த வகையை நம்பி அடிக்க உக்ரைனிடம் இருப்பது பெரும்பாலும் பேட்ரியட் என்ற அமெரிக்க வான்பாதுகாப்பு அமைப்பு மட்டும்தான். அதன் பாக்-3 ஏவுகணை எதிரி ஏவுகணையின் மேல் நேராகவே மோத வேண்டும். அதனால் அது காக்கக்கூடிய வட்டம் சில பத்து கிலோமீட்டர் அளவுதான். கீவில் வீழ்த்தப்படுவது வேறொரு நகரத்தில் தடையில்லாமல் விழலாம். கின்ஷாலைப் பற்றி "ஹைபர்சோனிக் (ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகம்), யாராலும் தடுக்க முடியாது" என்ற பேச்சு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 2023 மே 4 அதிகாலை கீவுக்கு மேலே ஒரு பேட்ரியட் கின்ஷாலை வீழ்த்திவிட்டது. அந்த ஏவுகணையைச் சுமக்கும் மிக்-31கே விமானம் மேலே கிளம்பினாலே நாடு முழுக்க அபாயச் சங்கு ஊதுவதும் நின்றுவிடவில்லை. இரண்டுமே உண்மை.

ட்ரோன் மெதுவாகத்தானே வருகிறது, ஏன் தப்புகிறது என்று பலர் கேட்கிறார்கள். பூமி உருண்டை என்பதால்தான். ரேடார் அலை நேர்கோட்டில் போகும். 20 மீட்டர் உயரக் கம்பத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு, 50 மீட்டர் உயரத்தில் வரும் பொருள் சுமார் 47 கிலோமீட்டர் தூரத்தில்தான் தலைகாட்டும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஷாஹெட்டுக்கு அது 16 நிமிடம். 700 கிலோமீட்டர் வேகத்தில் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைக்கு 4 நிமிடம். அந்த 4 நிமிடத்துக்குள் எதிரியா நம்மாளா என்று பார்த்து, யார் சுடுவது என்று முடிவெடுத்து, சுட்டும் முடிக்க வேண்டும். உக்ரைன் நாடு முழுக்க மைக்ரோஃபோன்களை நட்டு ட்ரோன் இன்ஜினின் சத்தத்தைக் கேட்பது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

அடுத்து, பலர் தாண்டிப் போகும் வரி: சுடப்படாமலே "ரேடார் பார்வையிலிருந்து மறைந்தவை". இதில் இரண்டு கூட்டம் கலந்திருக்கிறது. ஒன்று கெர்பெரா போன்ற மலிவான போலி ட்ரோன்கள். எரிபொருள் தீர்ந்ததும் எங்காவது விழும். மற்றது ஜாமிங்கில், அதாவது வழிகாட்டும் ரேடியோ சிக்னலைக் கெடுக்கும் வேலையில், வழிதவறியவை. 2025 முதல் பல அறிக்கைகள் "வீழ்த்தப்பட்டவை, முடக்கப்பட்டவை" இரண்டையும் ஒரே எண்ணாகத் தருகின்றன. முடக்கப்பட்டவை ஜாமிங்கில் விழுந்தவை. எனவே அப்படி வந்தால் அதிலிருந்து உக்ரைன் எத்தனை தடுப்பு ஏவுகணை செலவழித்தது என்று கணக்குப் போடாதீர்கள், தப்பாகும்.

ஜாமிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் மேலிருந்து அனுப்பும் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் பலவீனம். அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டி அதை மூழ்கடிப்பது ஒரு வழி. பொய்யான சிக்னல் அனுப்பி ட்ரோனைத் தப்பான இடத்தில் இருப்பதாக நம்பவைப்பது இன்னொரு வழி. உக்ரைனின் போக்ரோவா அமைப்பு செய்வது இதுதான். ரஷ்யாவின் பதில் கொமெட்டா: பல ஆன்டெனாக்களை ஒன்றாகச் சேர்த்து, இரைச்சல் வரும் திசையை மட்டும் அடைத்துவிடும். ஆன்டெனா கூடக்கூட, அதைக் குழப்பப் பல திசைகளில் கூடுதல் ஜாமர்கள் வேண்டும். போர்முனையில் ஃபைபர் கேபிளை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களோ ரேடியோவையே தொடுவதில்லை. எனவே "ஜாமர் கொண்டுவந்துவிட்டார்கள்" என்ற செய்தி வந்தால், எந்த வகை ட்ரோனுக்கு எதிராக என்று கேளுங்கள்.

ஜாமிங்கை நீங்களே பார்க்க ஜிபிஎஸ்ஜாம் என்ற இணைய வரைபடம் உதவும். பயணிகள் விமானங்கள் ஒலிபரப்பும் தகவலில் வழிகாட்டித் துல்லியம் எங்கே கெட்டிருக்கிறது என்று சிவப்பில் காட்டும். பால்டிக் கரையைப் பாருங்கள். 2024-இல் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்டோனியாவின் தார்ட்டு நகருக்குப் பறப்பதை ஒரு மாதம் நிறுத்தியதே இந்தத் தொல்லையால்தான். ஆனால் உக்ரைனின் மேல் வரைபடம் வெறுமையாக இருக்கும். 2022 பிப்ரவரி 24 முதல் அங்கே பயணிகள் விமானமே இல்லை, தகவலும் இல்லை. அதை ஜாமிங் இல்லை என்று படித்துவிடாதீர்கள்.

அறிக்கையின் கடைசி வரியைக் கட்டாயம் படியுங்கள். எத்தனை இடத்தில் நேரடித் தாக்குதல், எத்தனை இடத்தில் சிதறல் விழுந்தது என்று அதில் இருக்கும். வீழ்த்தப்பட்ட ஏவுகணை காற்றில் கரைந்துவிடுவதில்லை. கீழே குடியிருப்பு இருக்கிறது. தடுக்கப் போன ஏவுகணையும் கீழேதான் விழும். 2022 நவம்பர் 15 அன்று போலந்தின் பிஷெவோதுவில் இருவர் இறந்தார்கள். அங்கே விழுந்தது அநேகமாக உக்ரைனின் வான்பாதுகாப்பு ஏவுகணை என்று போலந்தும் நேட்டோவும் சொன்னன.

ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கை வேறு மாதிரி படிக்க வேண்டும். வீழ்த்தியது எத்தனை என்று சொல்வார்கள். வந்தது எத்தனை என்று சொல்வதில்லை. எனவே சதவீதமே போட முடியாது. ஏதாவது சுத்திகரிப்பு ஆலையில் "சிதறல் விழுந்து தீ" என்று ஆளுநர் சொன்னால் செயற்கைக்கோள் பார்த்த தீயைக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தைத் திறந்து அந்த இடத்தில் வெப்பப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். முந்தைய வாரங்களின் நாட்களையும் கூடவே பாருங்கள். ஆலையின் எரிவாயுச் சுடர் எப்போதுமே ஒரு புள்ளி காட்டும். பிறகு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் வரக் காத்திருங்கள். அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். எண்ணெய்த் தொட்டி கருகியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். மேகம் மூடியிருந்தால் இரண்டுமே கைகொடுக்காது. அப்போது உங்கள் தாளில் அந்த வரிசையை வெறுமையாக விட்டுவிட்டு, வானம் தெளிந்த படம் வந்ததும் நிரப்புங்கள்.